கணக்கெடுக்கத் தெரிந்தவர்களின் வேலைச் சந்தை

1916-ஆம் ஆண்டு வாக்கில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். ஊரில் எத்தனை வீடு, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, கூலி என்ன, கடன் யாரிடம், வட்டி என்ன என்று விசாரித்து எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் 1918-இல் தென்னிந்திய கிராமங்கள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டும் திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும் உலகப் பொருளியல் ஆய்வுகளில் இடம்பிடித்தது அப்படித்தான். 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடியும் ஆய்வுசெய்ய ஏற்பாடு செய்தார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போய், தொண்ணூறு ஆண்டுகளில் நிலமும் கூலியும் சாதியும் எப்படி மாறின என்று எழுதினார்கள். அந்த ஜெயரஞ்சன்தான் 2021-இல் தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார்.

பயன்பாட்டுப் பொருளியல் என்ற படிப்பின் முழு வரலாறும் ஏறக்குறைய இந்த ஒரு பத்தியில் இருக்கிறது. கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஊருக்குள், ஒரு சந்தைக்குள், ஒரு பட்ஜெட்டுக்குள் போய் எண்ணிப் பார்ப்பது. எண்ணியதை வைத்து வாதிடுவது. திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் இந்தப் பெயரிலேயே எம்.ஏ. நடத்துகிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறையே உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில், ராஜா செல்லையா முன்னின்று 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் நிதிப் பொருளியல், சுற்றுச்சூழல் பொருளியல், காப்பீட்டுக் கணிப்பு சார்ந்த பொருளியல் என்று பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியல். பெயர்கள் பல, சரக்கு ஒன்றுதான்.

படித்தவர்களுக்கு வேலை எங்கே என்று கேட்டால், பெரும்பாலான கல்லூரிகளில் ஒரே பதில்தான் வரும்: ஐ.இ.எஸ்., ரிசர்வ் வங்கி. இரண்டும் நல்ல வேலைகள் என்பதில் சந்தேகமில்லை. ஐ.இ.எஸ். எனப்படும் இந்தியப் பொருளியல் பணி 1961-இல் உருவானது. யுபிஎஸ்சி நடத்தும் இந்தத் தேர்வுக்குத் தகுதி, பொருளியலிலோ பயன்பாட்டுப் பொருளியலிலோ வணிகப் பொருளியலிலோ எக்கனாமெட்ரிக்ஸிலோ முதுகலைப் பட்டம். எழுத்துத் தேர்வுக்கு 1,000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200. தேர்ச்சி பெற்றவர் நிதி அமைச்சகத்திலும் வணிகம், வேளாண்மை, தொழிலாளர் நல அமைச்சகங்களிலும் மாறி மாறிப் பணியாற்றுவார். ஆனால் 2024 அறிவிக்கையில் நாடு முழுமைக்கும் இருந்த இடங்கள் 18. ரிசர்வ் வங்கியின் பொருளியல், கொள்கை ஆய்வுத் துறைக்கு அதே ஆண்டு எடுத்தது 21 பேர். இரண்டையும் கூட்டினால் நாற்பதுகூட ஆகவில்லை. இந்தியாவில் எம்.ஏ. பொருளியல் நடத்தும் கல்லூரிகளின் எண்ணிக்கையே இதைப் போலப் பல மடங்கு. ஐந்து ஆண்டுகளை இந்த இரண்டு தேர்வுகளுக்கு மட்டுமே எழுதிவைத்துவிட்டு, முப்பது வயதில் வயது வரம்பு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளை யோசித்தால், இந்த இரண்டு பெயர்களை மட்டுமே கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உண்மையில் இந்தப் படிப்பின் பெயரைப் பலகையில் தாங்கிய வேலைகள் குறைவு. இந்தப் படிப்பு தேவைப்படுகிற வேலைகள் நிறைய. அவற்றுக்குள் நுழைய முடியுமா என்பதைத் தீர்மானிக்கிற முடிவுகள் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதில், விவரம் தெரியாமலே எடுக்கப்பட்டுவிடுகின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் பி.ஏ. பொருளியலுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவோ, வரலாறு, புவியியல் உள்ள கலைப் பிரிவோ படித்தவர்கள். வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகளுக்குப் பதிலாக வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர். கணிதம் வேண்டாம் என்பதற்காகவே பொருளியலுக்கு வருகிறவர்களும் உண்டு, வீட்டில் "பி.காம். கிடைக்கலேன்னா எக்கனாமிக்ஸ் போட்டுக்கோ" என்று சொல்லி அனுப்புவதும் உண்டு. மூன்று ஆண்டு கழித்துத்தான் கதை தெரிய வரும். எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி என்றொரு பணி இருக்கிறது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் களப்பணிகளை நடத்துகிற, மத்திய அரசின் நல்ல சம்பளப் பணி. அதற்குப் பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் வேண்டும், அல்லது பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். இந்தியப் புள்ளியியல் பணிக்கும் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வேண்டும். தில்லி, கொல்கத்தா, மும்பையில் உள்ள முன்னணி முதுகலைப் படிப்புகளின் நுழைவுத் தேர்வைத் திறந்து பார்த்தால் நுண்கணிதத்துக்கும் நிகழ்தகவுக்கும் பெரிய பங்கு இருக்கும். சென்னை மாநிலக் கல்லூரியிலோ மதுரையிலோ திருச்சியிலோ ஒரு மாணவி முதலாண்டில் துணைப்பாடத் தேர்வுப் படிவத்தில் எதற்கு டிக் போட்டாள் என்பது, அவள் மூன்றாண்டு கழித்து எந்த விண்ணப்பத்தை நிரப்ப முடியும் என்பதைத் தீர்த்துவிடுகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று இதைச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

கணிதம் விட்டுப்போனவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுகளின் பாடத்திட்டத்தில் இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் பெரிய பங்கு. பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அந்தப் பணிகளில் 20 சதவீத இடஒதுக்கீடும் இருக்கிறது. தமிழ்வழி பி.ஏ. பொருளியல் படித்த பிள்ளைக்கு இது பெரிய பிடிமானம். ஆனால் அங்கே அவர் பொது அதிகாரியாகப் போகிறார், பொருளியலாளராக இல்லை.

பொருளியலாளராகவே மாவட்டத்துக்குள் வேலை பார்க்க வேண்டும் என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் மாநில அரசின் பொருளியல், புள்ளியியல் துறை. இதற்குப் பெருமையான பெயர் கிடையாது. கலெக்டர் ஆபீசில் ஓர் ஓரத்து அறையில் இயங்கும். ஆனால் அங்கே நடக்கும் ஒரு வேலையை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். சம்பா அறுவடைக் காலம். ஒரு கிராமத்தில் எந்தச் சர்வே நம்பரில், வரப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதைச் சீரற்ற எண் அட்டவணை சொல்கிறது. அங்கே ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, நான்கு மூலையிலும் முளை அடித்து, உள்ளே இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறார்கள். இது பயிர் அறுவடைப் பரிசோதனை. 25 சதுர மீட்டரில் கிடைத்த எடையை ஏக்கருக்கு மாற்ற ஏறக்குறைய 162-ஆல் பெருக்க வேண்டும். கயிற்றுக்கு வெளியே சாய்ந்த கதிரை உள்ளே சேர்த்து ஒரு கிலோ கூடிவிட்டால், அந்தப் பரிசோதனையின் கணக்கில் ஏக்கருக்கு 162 கிலோ கூடிவிடும். ஒரு கிராமத்துக்கு நான்கு பரிசோதனைகள். அவற்றின் சராசரிதான் அந்த ஊரின் மகசூல்.

இந்த எண்ணில்தான் பயிர்க் காப்பீட்டுப் பணம் பெரிதும் தொங்குகிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, ஈட்டுறுதி விகிதத்தால் பெருக்கி, உத்தரவாத மகசூல் என்று ஒன்றை வைத்திருப்பார்கள். எடுத்துக்காட்டுக்கு அது ஏக்கருக்கு 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனையில் 1,200 வந்தால் குறைவு 20 சதவீதம். காப்பீட்டுத் தொகை 35,000 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் கிடைக்கும். 1,500-ஐத் தொட்டுவிட்டால் ஒரு பைசா கிடையாது. பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது, எங்களுக்கு வரவில்லை என்று டெல்டாவில் நடக்கும் மறியல்களில் பலவற்றின் அடியில் இந்தக் கயிறுதான் கிடக்கிறது. மாதிரி எடுப்பது, சராசரி, மாறுபாடு, பிழை என்று வகுப்பில் படித்ததெல்லாம் இங்கே விவசாயியின் கைக்கு வரும் பணம். இந்தத் துறைக்கு டிஎன்பிஎஸ்சி மூலம் ஆள் எடுக்கும்போதும் புள்ளியியல் படித்திருந்தால் கைகொடுக்கும்.

இதே மாவட்ட அளவில் இன்னொரு வேலை நபார்டு வங்கியில். 1982-இல் தொடங்கிய இந்த வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளர், தன் மாவட்டத்தில் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன் கொடுக்க இடமிருக்கிறது என்று ஆண்டுதோறும் ஒரு திட்டம் தயாரிக்கிறார். எத்தனை கறவை மாடு, எத்தனை ஏக்கருக்குச் சொட்டுநீர், எத்தனை குளிர்பதனக் கிடங்கு என்று வட்டாரம் வட்டாரமாகக் கணக்கிட்டு எழுதுவது. மாவட்டத்தின் முன்னுரிமைக் கடன் திட்டம் அதைப் பின்பற்றித்தான் போடப்படுகிறது. கிரேடு 'ஏ' அதிகாரித் தேர்வில் பொது அதிகாரிகளோடு பொருளியல், வேளாண்மை போன்ற துறைகளுக்கும் ஆள் எடுப்பது வழக்கம். வேளாண் பொருளியல் பக்கம் போனால், மஞ்சள் விலை அறுவடையில் எவ்வளவு இருக்கும், சின்ன வெங்காயத்தை இப்போது விற்கலாமா வைத்திருக்கலாமா என்று நாளிதழ்களில் வரும் முன்னறிவிப்புகள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சந்தைத் தகவல் மையத்திலிருந்து வருபவை. ஈரோடு சந்தையின் பல ஆண்டு விலைத் தொடரை வைத்துக்கொண்டு செய்கிற வேலை அது.

கடந்த இருபது ஆண்டுகளில் உண்மையாகவே புதிதாகத் திறந்தது திட்ட மதிப்பீட்டுத் துறைதான். அரசு ஒரு திட்டம் போடுகிறது. அது வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்த களச் சோதனை முறை இந்தக் கேள்விக்கான ஒரு பதில். தமிழ்நாடு அரசு 2014-இலேயே டுஃப்லோ, பானர்ஜி சார்ந்த ஜே-பால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்கென்று கூடுதலாக ஓர் அரைநேரப் பணியாளரை வைத்தால் என்ன ஆகும் என்ற ஆய்வு தமிழ்நாட்டு மையங்களில்தான் நடந்தது. பாடம் சொல்லித்தரும் நேரம் இரண்டு மடங்கானது. கொரோனாவுக்குப் பிறகு வந்த 'இல்லம் தேடிக் கல்வி' என்ற தன்னார்வலர் திட்டத்தை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 19,000 குழந்தைகளை வைத்துப் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் குழு செய்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்றும், அதில் கால் பங்கு அளவுக்கு இந்தத் திட்டம் காரணம் என்றும் சொன்னது. மாதம் ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில் வீட்டுத் திண்ணையில் பாடம் எடுத்த தன்னார்வலர்களின் உழைப்புக்கு ஓர் அளவு கிடைத்தது.

இந்த ஆய்வுகளுக்குப் பின்னால் ஆராய்ச்சி உதவியாளர், கள மேலாளர் என்று இளம் பட்டதாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்றாடம் என்ன? டேப்லெட்டில் கேள்வித்தாளை ஏற்றி, கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, காலையில் ஊருக்கு அனுப்பி, மாலையில் வந்த தரவைச் சரிபார்த்து, சந்தேகம் வந்த வீட்டுக்கு மறுநாள் வேறு ஆளை அனுப்பி அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது. கேள்வி கேட்பதில்தான் கலை இருக்கிறது. "உங்களுக்குக் கடன் இருக்கா?" என்று நேராகக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று பதில் வரும். கைமாத்து ஏதாவது வாங்கியிருக்கீங்களா, நகை அடகுல இருக்கா, குழு லோன் கட்டுறீங்களா, சீட்டு எடுத்துட்டீங்களா, மளிகைக் கடை பாக்கி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டால் லட்ச ரூபாய் வெளியே வரும். மாத வருமானம் கேட்டால் மாதச் சம்பளக்காரருக்கு மட்டும்தான் பதில் தெரியும். மற்றவர்களிடம் போகம் போகமாக, நடவு, களை, அறுப்பு என்று கேட்டுத்தான் கூட்ட வேண்டும். தரவைச் சுத்தம் செய்யும் நிரலை இன்று செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்துவிடும். வருமானம் என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தால், அது வருமானமே இல்லாத வீடா, சொல்ல மறுத்த வீடா என்பதை அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவர்தான் சொல்ல முடியும். தமிழ்நாட்டில் வேலை என்றால் விளம்பரத்திலேயே தமிழ் சரளமாகப் பேச வேண்டும் என்று போடுகிறார்கள். சிறு ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, ஆங்கிலம் பேசும் தில்லிக்காரரைவிட இங்கே கை ஓங்கியிருக்கிறது.

குறையும் உண்டு. இவை பெரும்பாலும் திட்டக் காலத்துக்கான ஒப்பந்த வேலைகள். நிதி நின்றால் வேலை நிற்கும். இரண்டு மூன்று ஆண்டு பார்த்துவிட்டு வெளிநாட்டு முனைவர் படிப்புக்கோ பெரிய நிறுவனத்துக்கோ தாவுகிறவர்களுக்குத்தான் இது நல்ல படி. இதையே நம்பிக் குடும்பம் நடத்துவது சிரமம். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டமும் இப்படித்தான்: சிறு எண்ணிக்கையில் ஆட்கள், இரண்டு ஆண்டு, அரசுத் துறைகளுக்குள் உட்கார்ந்து திட்டங்களைக் கண்காணிக்கும் வாய்ப்பு. மாநிலத் திட்டக் குழு 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கென்று முதல் பொருளாதார ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஆண்டுதோறும் அது தொடர வேண்டுமானால் திட்டக் குழு இயங்கும் எழிலகத்தில் நிரந்தரப் பொருளியல் பணியிடங்கள் வேண்டும். அந்தப் பக்கம் அரசு இன்னும் சிக்கனமாகவே இருக்கிறது.

தனியார் துறையில் பொருளியல் பட்டதாரியை யாரும் பொருளியலாளர் என்று கூப்பிடுவதில்லை. ரிஸ்க் அனலிஸ்ட், பிரைசிங் அனலிஸ்ட், ரிசர்ச் அசோசியேட் என்றுதான் ஐ.டி. கார்டில் இருக்கும். சென்னை, வங்கி அல்லாத நிதி நிறுவனங்களின் தலைநகரம். சுந்தரம், ஸ்ரீராம், சோழமண்டலம் எல்லாம் இங்கே வேர்விட்டவை. நாமக்கல்லில் ஒருவர் பழைய லாரி வாங்கக் கடன் கேட்கிறார். அவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. டீசல் விலை, வாடகை, மாதத்துக்கு எத்தனை நடை, எந்த மாதத்தில் லோடு படுத்துவிடும் என்று பார்த்துத் தவணையை நிர்ணயிக்க வேண்டும். இது சுத்தமான பயன்பாட்டுப் பொருளியல். தரமதிப்பீட்டு நிறுவனங்கள், ஆன்லைன் வணிக நிறுவனங்கள், பன்னாட்டு நிறுவனங்களின் சென்னைச் சேவை மையங்கள் ஆகியவற்றிலும் இதே திறமைக்குத்தான் சம்பளம். கூகுள் 2002 முதலே ஹால் வேரியன் என்ற பொருளியல் பேராசிரியரை வைத்து விளம்பர ஏலத்தை ஆராய்ந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

திருப்பூர் வேறு கதை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது, எந்த ரகத்தில் எவ்வளவு ஆர்டர் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போகும், அதற்கு ஒரு மாதம் முன்பு கையெழுத்தான பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தில் அதில் எவ்வளவை ஈடுகட்டலாம் என்ற கேள்விக்கு உடனே பதில் தேவைப்பட்டது. சுங்க வரிக் குறியீட்டில் பின்னலாடை வரும் 61-ஆம் அத்தியாயத்தைத் திறந்து, குறியீடு குறியீடாக இறக்குமதிப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் ஒரு வாரத்தில் சொல்லிவிடக்கூடிய பதில்தான். சிறு ஏற்றுமதியாளர் இதற்கென்று ஆள் வைக்க மாட்டார். சங்கங்களும் ஆலோசனை நிறுவனங்களும் வைக்கலாம். இன்னும் போதுமான அளவு வைக்கவில்லை. ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி, இரும்பு, அலுமினியம், சிமென்ட் அனுப்புகிறவர்களைக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டதால் சுற்றுச்சூழல் பொருளியல் படித்தவர்களுக்கும் மெல்லக் கிராக்கி வருகிறது. போட்டி ஆணையம், மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போன்ற இடங்களிலும் சந்தைப் பங்கையும் கட்டணத்தையும் கணக்கிட ஆள் வேண்டும். எண்ணிக்கை சிறிது, வேலை சுவையானது.

ஆசிரியப் பணியைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயில் முனைவர் பட்டம் செய்யலாம்; அது உறுதியான நல்ல வழி. பட்டம் வாங்கிய பின்தான் பிரச்சினை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவித்தது. அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. முனைவர் பட்டத்தோடு 25,000 ரூபாய் அளவில் கௌரவ விரிவுரையாளராகக் காத்திருக்கிறவர்களை எந்த அரசுக் கல்லூரியிலும் பார்க்கலாம்.

நேர்முகத்துக்கு எதைக் கொண்டுபோவது என்பது கடைசியாக. நம் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்ட் ஒரே அச்சில் வார்த்தவை: ஏதோ ஒரு பொருளை வாங்குவோரின் மனப்பாங்கு, நூறு பேரிடம் கேள்வித்தாள், சதவீதம் போட்ட அட்டவணை, ஜெராக்ஸ் கடையில் தங்க எழுத்தில் பைண்டிங். இதைத் தேர்வாளர் யாரும் புரட்டுவதில்லை. அவருக்கு வேண்டியது நான்கு பக்கத்தில் ஒரு கேள்வி, ஒரு தரவு, ஒரு முடிவு, அதற்கான நிரல். தேசியப் புள்ளியியல் அலுவலகம் தன் தொழிலாளர் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தரவை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. 2025 ஜனவரி முதல் அந்தக் கணக்கெடுப்பின் மாதிரியைப் பெரும்பாலும் மாவட்டத்தை அடிப்படை அலகாக வைத்து எடுக்கிறார்கள். முடிவுகளும் மாதந்தோறும் வருகின்றன. பெரம்பலூரில் பட்டம் படித்த பெண்கள் எத்தனை பேர் வேலை தேடுகிறார்கள், எத்தனை பேர் தேடுவதையே விட்டுவிட்டார்கள், ஒரு மாவட்டத்துக்குக் கிடைத்த மாதிரி இதைச் சொல்லப் போதுமா என்று பெரம்பலூரில் படிக்கும் ஒரு மாணவி எழுதிப் பார்க்கலாம். கடைசிக் கேள்விக்குப் போதாது என்பதே விடையாக வந்தாலும், ஏன் போதாது என்று அவளால் விளக்க முடிந்தால், நேர்முகத்தில் அவள் கோப்பைத்தான் மேலே எடுத்து வைப்பார்கள்.